பூட்டும் வேணும், சாவியும் வேணும்

தளவானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள், செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாளாம். களஞ்சியத்து நெல்லை ராஜா பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார் என்பதை, "தி கிங் கெப்ட் தி பேடி அண்டர் தி லாக் அண்ட் தி கீ" என்று எழுதினாளாம். பள்ளியில் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்துவிட்டார்கள். என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

"பூட்டு ஒன்று, சாவி ஒன்று. இரண்டுக்கும் 'தி' போட்டால் என்ன குற்றம்? 'அண்டர் ராப்ஸ்' என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இந்த ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு போனால் இலக்கணம் மட்டும் இல்லை, நம் வீட்டு பீரோ, மருந்து அலமாரி, வயற்காட்டுக் கொட்டகை வரைக்கும் போய் வரலாம். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

ஜோடிச் சொற்களின் குணம்

தமிழில் "நகைநட்டு", "பெட்டிபடுக்கை", "சட்டிபானை" என்கிறோம். இந்த மாதிரி ஜோடிச் சொற்களைப் பிரிக்கவும் மாட்டோம், முன்னே பின்னே மாற்றவும் மாட்டோம். "படுக்கைபெட்டியைக் கட்டு" என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும், இல்லையா? ஆங்கிலத்திலும் அப்படித்தான். "ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்", "டே அண்ட் நைட்", "நைஃப் அண்ட் ஃபோர்க்" எல்லாம் ஜோடி ஜோடியாகவே வரும். ஜோடி சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் முன்னால் "ஏ"யோ "தி"யோ வேண்டாம்.

"அண்டர் லாக் அண்ட் கீ" அந்தக் குடும்பத்துப் பெண். எனவே நாலு விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க.

ஒன்று, "ஏ" வேண்டாம், "தி" வேண்டாம். "அண்டர் லாக் அண்ட் கீ", அவ்வளவுதான். தளவானூர்ச் சகோதரியின் மகள் செய்த பிழை இது மட்டுமே. மற்றபடி வாக்கியம் சரி.

இரண்டு, எப்போதும் ஒருமை. பத்துப் பெட்டிக்குப் பத்துப் பூட்டு போட்டிருந்தாலும் "லாக்ஸ் அண்ட் கீஸ்" ஆகாது.

மூன்று, வரிசை மாறக் கூடாது. தமிழில் சாவியும் பூட்டும் என்றாலும் பூட்டும் சாவியும் என்றாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் பூட்டுதான் முதலில்.

நாலு, முன்னால் வரவேண்டிய சொல் "அண்டர்". "இன் லாக் அண்ட் கீ" என்று நம்மில் பலர் சொல்கிறோம். "பூட்டில் வைத்திருக்கிறேன்" என்ற தமிழை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைப்பதால் வரும் பிழை இது. "அண்டர்" என்றால் இங்கே கீழே என்று அர்த்தமில்லை, காவலுக்கு உட்பட்டு என்று அர்த்தம்.

எந்த வினைச்சொல்லோடு சேரும்? பெரும்பாலும் "கீப்", "புட்", "பி" இந்த மூன்றோடு.

"ஷி கீப்ஸ் ஹர் ஜுவல்ஸ் அண்டர் லாக் அண்ட் கீ." நகைகளை அவள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறாள்.

"புட் தி மெடிசின்ஸ் அண்டர் லாக் அண்ட் கீ." மருந்துகளைப் பூட்டி வை.

"தி தீஃப் இஸ் அண்டர் லாக் அண்ட் கீ." திருடன் உள்ளே இருக்கிறான். மனிதர்களுக்குச் சொன்னால் சிறை, காவல் என்ற அர்த்தம் வந்துவிடும். ஆகையால் "மை மதர்-இன்-லா இஸ் அண்டர் லாக் அண்ட் கீ" என்று வேடிக்கைக்குக்கூட எழுதிவிடாதீர்கள்!

இன்னொன்று. சினிமாவுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறோமே, அதற்கு இந்தத் தொடர் வேண்டாம். "ஐ லாக்ட் தி ஹவுஸ்" போதும். ஒரு பொருளை வேறு யாரும் எடுக்க முடியாதபடி தொடர்ந்து காவலில் வைத்திருப்பதற்குத்தான் "அண்டர் லாக் அண்ட் கீ".

மேல் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "லாக் அண்ட் கீ" என்று அவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஜெர்மன் விஞ்ஞானி எமில் ஃபிஷர் 1894-ல் சொன்னது. நம் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு நொதியும் தனக்குப் பொருந்துகிற பொருளோடு மட்டும்தான் சேரும், பூட்டுக்கு அதனதன் சாவி மாதிரி என்றார். அங்கேயும் பூட்டும் சாவியும் ஜோடி பிரியவில்லை பாருங்கள்.

மூடி வைப்பதும் பூட்டி வைப்பதும்

அடுத்த கேள்வி "அண்டர் ராப்ஸ்". "ராப்" என்றால் சுற்றி மூடுகிற துணி அல்லது காகிதம். இதில் பன்மை கட்டாயம். "அண்டர் ராப்" என்று ஒருமையில் வராது.

இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான். பூட்டி வைத்த பொருள் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியலாம், ஆனால் எடுக்க முடியாது. மூடி வைத்த விஷயம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது ரகசியம்.

மகளுக்குத் தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை எடுத்துவிட்டு அவளிடம் சொல்லாமல் இருக்கிறீர்கள். அது "அண்டர் ராப்ஸ்". அம்மாவின் கல்யாணப் புடவை பீரோவில் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சாவி அம்மாவிடம். அது "அண்டர் லாக் அண்ட் கீ". கடிதம், உயில், பத்திரம் மாதிரியான ரகசியக் காகிதங்களைப் பூட்டி வைத்தால் இரண்டு அர்த்தமும் சேர்ந்து வரும். அப்போதும் காகிதத்துக்குப் பூட்டு, அதில் இருக்கும் செய்திக்கு மூடாக்கு என்று பிரித்துச் சொல்வதே அழகு.

செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ராஜகிரியின் அடிவாரத்தில் பெரிய பெரிய களஞ்சியங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. அங்கே தானியம் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அது "அண்டர் லாக் அண்ட் கீ". 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் அந்தக் கோட்டையைப் பிடித்தார். அந்த மாதிரி ராத்திரித் தாக்குதலுக்குப் போடுகிற திட்டம் "அண்டர் ராப்ஸ்". வெளியே தெரிந்தால் காரியம் கெட்டது.

அந்தச் சம்பவத்தில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. செஞ்சி சாதாரணப் பூட்டா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலை, மூன்றையும் வளைத்து மதில். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். உச்சிக்குப் போகிற வழியில் பாறையில் இயற்கையாகவே ஒரு பெரிய பிளவு, அதைத் தாண்ட ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கம்தான். 1677-ல் சிவாஜியின் கைக்கு வந்த இந்தக் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டுக் காத்துக் கிடந்தது. அப்பேர்ப்பட்ட கோட்டை பிறகு ஒரே ராத்திரியில் விழுந்தது. மலையும் மதிலும் இடம்பெயரவில்லை. பூட்டு அதேதான், காவல்தான் வேறு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐச் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

தளவானூரிலேயே பாறையைக் குடைந்து எடுத்த ஒரு கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்தது. "சத்துருமல்லன்" என்ற அவன் பட்டப்பெயரை வைத்து அதற்குச் சத்துருமல்லேசுவரம் என்று பெயர். இதே விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் அவன் குடைவித்த இன்னொரு கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்தது என்று பெருமையோடு சொல்கிறது. உலோகமே இல்லாத இடத்தில் பூட்டுக்கு எங்கே போவது! தளவானூரிலும் சிற்பி வாசலில் துவாரபாலகர்களைத்தான் நிறுத்திவிட்டுப் போனான். கண் மூடாத காவலாள் இருந்தால்தான் பூட்டுக்கே மரியாதை என்று சொல்லாமல் சொன்ன மாதிரி இருக்கிறது.

சாவி எங்கே தொங்குகிறது?

இப்போது "அண்ட் கீ" என்ற பாதியைக் கவனியுங்கள். வெறும் "அண்டர் லாக்" என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. சாவியும் சேர்ந்து வந்தால்தான் காவல். பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து ஆணியிலேயே தொங்கவிட்டால் அது "அண்டர் லாக் அண்ட் கீ" ஆகாது. ஆங்கிலத்திலும் ஆகாது, நிஜத்திலும் ஆகாது!

நம் பாட்டிமார்கள் கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே நடமாடினார்கள். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.) நாமோ பீரோவைப் பூட்டிவிட்டு, சாவியை அதே பீரோவின் தலையில் வைக்கிறோம். அல்லது காலண்டர் ஆணியில் மாட்டுகிறோம். திருடனுக்கும் தெரிந்த இடம், மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரிந்த இடம்.

பாங்க் லாக்கரைப் பாருங்கள். உங்கள் சாவி ஒன்று, பாங்கின் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அங்கே நகை வைத்திருக்கும் சகோதரிகள் ஒன்று தெரிந்துகொள்ளணும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் பாங்க் விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், பாங்க் ஊழியர் மோசடி இவற்றால் நஷ்டம் வந்தால் லாக்கரின் வருட வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான் பாங்கின் பொறுப்பு. நகையின் மதிப்பு எவ்வளவு என்பது கணக்கில்லை. எனவே என்னென்ன வைத்திருக்கிறோம் என்று ஒரு பட்டியல் எழுதி வீட்டில் தனியே வையுங்கள். நாமினி பெயரைக் கொடுத்திருக்கிறோமா என்றும் பாருங்கள். பெண்ணுக்குப் போட்ட நகைக்கு அந்தப் பெண்ணே சாவிக்காரி. அதையும் மறக்கவேண்டாம்.

வீட்டில் எதைப் பூட்டணும்?

நகைக்குப் பூட்டு வாங்குகிறோம். நகை போனால் மனசு நோகும், உழைத்து மறுபடி வாங்கலாம். போனால் திரும்ப வராத உயிர் வீட்டில் தவழ்ந்துகொண்டிருக்கிறதே, அதற்காக எதைப் பூட்டியிருக்கிறோம்? கீழே சொல்கிற பொருள்கள் இன்றைக்கே "அண்டர் லாக் அண்ட் கீ" போகட்டும்.

மண்ணெண்ணெய், தின்னர், ஆசிட், பினாயில்: இவற்றைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பாட்டிலைப் பார்த்ததும் குழந்தைக்குத் தெரிவது கலர் சோடாதான். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது இரண்டும் ஆபத்து. வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை: கர்ப்பிணிக்குக் கொடுத்த மாத்திரை மிட்டாய் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு ரத்தம் ஊற வைப்பது, சின்னக் குழந்தை நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுத்த பிறகு குழந்தை தேறிவிட்ட மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, சில மணி நேரம் கழித்து நிலைமை மோசமாகலாம். ஆகவே உடனே டாக்டரிடம் போகணும்.

கற்பூரம், அந்துருண்டை: பூஜையறைச் சமாச்சாரம், துணிப்பெட்டிச் சமாச்சாரம் என்று யாரும் சந்தேகப்படுவதே இல்லை. சிறிதளவு கற்பூரம் தின்றாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். அந்துருண்டை சில குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும்.

எலி மருந்து: பற்பசை மாதிரி குழாயில் வந்த எலி பேஸ்டைக் குழந்தைகள் பற்பசை என்று நினைத்துவிடுகிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்த பேஸ்டைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. பழைய குழாய் எங்காவது மூலையில் கிடந்தால் தேடி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

பித்தான் பாட்டரி: ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்டமான சின்ன பாட்டரி. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும். "வெளிக்குப் போனால் வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்.

எல்லாவற்றையும் பூட்டுகிற ஆவேசத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் மருந்து, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை இவையெல்லாம் பூட்டுக்குள் போகக் கூடாது. குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர்கள் இருட்டில்கூடத் தடவி எடுக்கும் இடத்தில் இருக்கணும். அவசரத்துக்கு வேண்டிய மருந்துக்குச் சாவி தேடிக்கொண்டிருக்க முடியுமா?

வயற்காட்டு மருந்து

செஞ்சி, விழுப்புரம் வட்டாரம் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளைகிற பூமி. எனவே பூச்சிமருந்து இல்லாத வீடு குறைவு. நெல் மூட்டைக்கு மேலேயோ, கட்டிலுக்கு அடியிலேயோ, அடுப்படி ஜன்னலிலேயோ பாட்டில் இருக்கும். குழந்தைக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். வீட்டில் யாருக்காவது மனசு உடைந்துபோன ஒரு நிமிஷத்தில் அது கைக்கு எட்டுவது இன்னொரு பக்கம். சண்டையோ, கடனோ, பரீட்சையோ, அந்த நிமிஷம் கடந்துவிட்டால் பலர் மறுபடி நல்லபடியாக வாழ்கிறார்கள். கடப்பதற்கு முன்னே பாட்டில் கைக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

இதைக் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் செய்து பார்த்தார்கள். சென்னை சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும், 2 கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், பூட்டுள்ள பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். விவசாயி வேண்டும்போது எடுத்துப்போய் அடித்துவிட்டு மிச்சத்தை மறுபடி அங்கேயே வைக்கணும். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்படிச் செய்யாத 2 கிராமங்களோடு ஒப்பிட்டபோது, பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலை நிகழ்ச்சிகள் இங்கே அதிகமாகக் குறைந்திருந்தன. 2013-ல் வெளியான ஆய்வு இது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் வழி காட்டுகிற ஆய்வு.

இலங்கையில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். அநுராதபுரம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான விவசாய வீடுகளுக்குப் பூட்டுப் போடும் பெட்டி கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசமே இல்லை! ஏன் என்று உங்களுக்கே புரியும். பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில். சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாதா? நாள் ஆக ஆகப் பூட்டுவதிலும் சோம்பல் வந்துவிடும். "லாக்" இருந்தது, "அண்ட் கீ" இல்லை.

அதே இலங்கையில் பலன் கொடுத்தது எது தெரியுமா? மிகக் கொடிய விஷங்களை அரசாங்கம் கடையிலிருந்தே நீக்கியதுதான். 1995-ல் கடுமையான வகை மருந்துகளையும், 1998-ல் எண்டோசல்ஃபானையும் தடுத்தார்கள். 1995-ல் லட்சம் பேருக்கு 47 என்று இருந்த தற்கொலை, 2005-க்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் 2023-ல் 6 வகைப் பூச்சிமருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்குத் தடுத்து அரசாணை வந்தது.

நாம் என்ன செய்யலாம்? இரண்டு நாளைக்கு வேண்டிய மருந்தை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். மிச்சம் வீட்டுக்கு வரவேண்டாம். மோட்டார் கொட்டகையில் பூட்டி, சாவியை அங்கே இல்லாத இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். காலி பாட்டிலில் எண்ணெய், தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் யாராவது "வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்னால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். 104, 14416 இரண்டும் இலவசத் தொலைபேசி எண்கள், தமிழில் பேசலாம்.

மனிதருக்குப் பூட்டு வேண்டாம்

மனிதருக்குச் சொன்னால் "அண்டர் லாக் அண்ட் கீ" என்பது சிறை என்றேன். குற்றம் செய்யாதவர்களையும் அப்படி வைக்கிற வழக்கம் நம்மிடையே இருந்தது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு விடுதிக் கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மனநோய்க்கு இன்று நல்ல மாத்திரைகள் உண்டு. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு உண்டு. மறதி வந்த மாமியாரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போகிறவர்களும் ஒரு நிமிஷம் யோசிக்கணும். அடுப்பும் மின்சாரமும் இருக்கிற வீடு அது. பக்கத்து வீட்டு அம்மாளைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லலாம், இல்லையா?

"அண்டர் ராப்ஸ்" விஷயத்திலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பெண்கள் மூடி வைப்பதில் கெட்டிக்காரிகள். மார்பில் ஒரு கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, கர்ப்பப்பை இறக்கம், காரணமில்லாத அழுகை எல்லாவற்றையும் முந்தானைக்குள் மூடிக்கொண்டு வேலை செய்கிறோம். "பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும்", "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். கட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். தீபாவளிப் புடவையை மூடி வையுங்கள். இதை மூடி வைக்காதீர்கள்.

பயிற்சி

எங்கே "அண்டர் லாக் அண்ட் கீ", எங்கே "அண்டர் ராப்ஸ்", எங்கே இரண்டும் வேண்டாம்? பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

1. நிலப் பத்திரங்களை அப்பா பூட்டி வைத்திருக்கிறார்.
2. அண்ணனின் கல்யாணத் தேதியை இப்போதைக்கு வெளியே சொல்லவில்லை.
3. நான் வாசற்கதவைப் பூட்டினேன்.
4. பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கணும்.
5. கேள்வித்தாள்கள் பூட்டிய அறையில் இருக்கின்றன. என்ன கேள்வி என்று யாருக்கும் தெரியாது.

விடை: ஒன்றுக்கும் நாலுக்கும் "அண்டர் லாக் அண்ட் கீ". இரண்டுக்கு "அண்டர் ராப்ஸ்". மூன்றுக்கு வெறும் "லாக்ட்" போதும். ஐந்தாவதில் தாள்களுக்கு "அண்டர் லாக் அண்ட் கீ", கேள்விகளுக்கு "அண்டர் ராப்ஸ்". ஐந்தும் சரியாக வந்தால் உங்களுக்கு நீங்களே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்ளலாம்.

எழுதி முடித்த கையோடு எழுந்து போய் ஒரு காரியம் செய்யுங்கள் சகோதரி. மருந்து அலமாரிச் சாவி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலண்டர் ஆணியில் இருந்தால் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.